திரையும் கருவியும் பேசிக்கொள்ளும் விதம்

சென்ற இயலில் கணினி, புரொஜெக்டர், தொலைக்காட்சி ஆகியவற்றை வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றைப் பார்த்தோம். இந்த இயல் அவற்றுக்கு நடுவே இருப்பதைப் பற்றியது: கேபிள், கேபிள் நுழையும் துளை, துளைக்குப் பின்னால் இருக்கும் சில்லு. கெடாவில் தோட்டத்துக் கோயில் மண்டபமானாலும், தமிழ்ப்பள்ளி வகுப்பறையானாலும், தாமான் வீட்டு முன்னறையானாலும், படம் வராமல் போனால் பழி முதலில் திரைமேல் விழும், அடுத்துக் கணினிமேல் விழும். கோளாறு பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. நடுவில் நடப்பதை அறிந்தவர் ஒரு கேபிளை மாற்றி வேலையை முடித்துவிடுவார். அறியாதவர் புதுத் தொலைக்காட்சிக்குத் தவணை கட்டத் தொடங்கிவிடுவார்.

இதை எழுதும்போது என் மனத்தில் இருப்பவர்கள் மூவர். ஆண்டுத் திருவிழாவில் "தம்பி, அந்த ஸ்கிரீனக் கொஞ்சம் பாருப்பா" என்று கூப்பிடப்படும் இளைஞர். புரொஜெக்டரைத் தானே தூக்கி வந்து தானே பொருத்தும் ஆசிரியை. ஜொகூரிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் பேரனைக் கைப்பேசியில் பார்க்கும் பாட்டி. படம் எந்த வழியே போகிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பது தெரிந்தால் மூவருக்கும் போதும்.

மஞ்சள் முனை, நீல முனை

மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963 டிசம்பர் 28 அன்று தொடங்கியது. வண்ணம் 1978-ல் வந்தது. சுங்கை பட்டாணி, பீடோங், குரூண் வட்டாரத்துக்கு அலை வந்தது 1,217 மீட்டர் உயரமுள்ள குனோங் ஜெராயின் உச்சிக் கோபுரத்திலிருந்து. கூரைமேல் ஒருவர் ஏறி ஆண்டெனாவைத் திருப்ப, உள்ளே இருப்பவர் "வந்துருச்சி, விடு" என்று கத்திய காலத்தைத் தோட்டத்தில் வளர்ந்த எவரும் மறந்திருக்க மாட்டார். எண்பதுகளில் வீடியோ டெக் வந்தது. அதோடு மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று முனைகள் கொண்ட கேபிளும் வந்தது. வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. படம் முழுவதும் மஞ்சள் முனையில்.

அந்த மஞ்சள் முனை செய்த வேலை வியப்பானது. 625 வரிகளாகப் பிரிக்கப்பட்ட படம், வினாடிக்கு 25 முறை. ஒவ்வொரு வரியின் வெளிச்சமும் நிறமும், வரி எங்கே தொடங்க வேண்டும் என்ற குறிப்பும் ஒரே கம்பியில் மின்னழுத்த ஏற்ற இறக்கமாகப் போகும். கம்பி பழசானால் படம் மங்கும். முனை தளர்ந்தால் நிறம் போகும். ஆனாலும் ஏதோ ஒரு படம் வந்துகொண்டுதான் இருக்கும். கம்பியை ஆட்டிப் பார்ப்பது, முனையைத் திருகுவது, பெட்டியைத் தட்டுவது என்ற பழக்கமெல்லாம் அந்தக் காலத்தில் உண்மையிலேயே பயன் தந்தவை. இன்றைய கருவியிடம் அவை செல்லா. எதனால் செல்லா என்பதை அடுத்த பகுதி சொல்லும்.

பழைய ஒளிபரப்பை நாட்டிலேயே முதலில் நிறுத்திய இடம் நம் மாநிலத்து லங்காவி. 2019 ஜூலை 21 அன்று அங்கே அனலாக் அலை அணைந்தது. அதே ஆண்டு அக்டோபர் 31-க்குள் நாடு முழுவதும் டிஜிட்டலுக்கு மாறிவிட்டது. டிஜிட்டல் அலையை வாங்கும் மைடிவி பெட்டி அப்படித்தான் பல வீடுகளுக்குள் வந்தது. அதன் முதுகில் மஞ்சள் முனைக்கும் இடமுண்டு, அடுத்த பகுதியில் வரும் எச்டிஎம்ஐ கேபிளுக்கும் இடமுண்டு. அதனால் பழைய குழாய்த் தொலைக்காட்சியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. தட்டைத் திரை வைத்திருப்பவர் மட்டும் மஞ்சள் முனையில் பொருத்திவிட்டு "படம் தெளிவா இல்ல" என்று வருந்துவதை விட்டு எச்டிஎம்ஐக்கு மாற வேண்டும். இந்த ஒளிபரப்பு யுஎச்எஃப் அலைவரிசையில் வருவதால் பழைய நீளக்கம்பி விஎச்எஃப் ஆண்டெனா உதவாது. ஆண்டெனாவை எந்தப் பக்கம் திருப்புவது என்று ஊகிக்கவும் வேண்டாம். பெட்டியின் மெனுவில் சிக்னல் அளவு காட்டும் பக்கம் இருக்கிறது. ஜெராய் பக்கம் ஒருமுறை, கூலிம், பாடாங் செராய் வட்டாரமானால் பினாங்கு மலைப்பக்கம் ஒருமுறை திருப்பிப் பார்த்து, எண் கூடும் பக்கத்தில் இறுக்கிவிடுங்கள்.

பள்ளிகளிலும் கோயில்களிலும் இன்னும் உயிரோடிருக்கும் மற்றொன்று நீல முனை கொண்ட விஜிஏ. 1987-ல் ஐபிஎம் நிறுவனம் தன் கணினிகளுக்காகக் கொண்டுவந்தது. மூன்று வரிசையாக 15 ஊசிகள். முதல் மூன்று ஊசிகளும் முறையே சிவப்பு, பச்சை, நீலம். இதை நினைவில் வைத்தால் பழுதை நிறத்திலேயே படிக்கலாம். படம் முழுக்க மஞ்சள் படர்ந்தால் நீல ஊசி தொடவில்லை. இளஞ்சிவப்பு கலந்த ஊதாவாக இருந்தால் பச்சை ஊசி. கடல்நிறமாக இருந்தால் சிவப்பு ஊசி. முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் ஓர் ஊசி வளைந்து படுத்திருப்பது தெரியும். மெல்லிய இடுக்கியால் மெதுவாக நிமிர்த்தினால் போதும், புரொஜெக்டரைக் கடைக்கு அனுப்ப வேண்டாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: விஜிஏ ஒலியைச் சுமக்காது. ஒலிக்குத் தனிக் கம்பி இழுத்தாக வேண்டும்.

பத்தொன்பது ஊசிகள்

2002 டிசம்பரில் ஹிட்டாச்சி, மட்சுஷிட்டா, பிலிப்ஸ், சிலிக்கான் இமேஜ், சோனி, தாம்சன், தோஷிபா ஆகிய ஏழு நிறுவனங்கள் சேர்ந்து எச்டிஎம்ஐயின் முதல் பதிப்பை வெளியிட்டன. கட்டைவிரல் அகலம்கூட இல்லாத அந்த முனைக்குள் 19 ஊசிகள். படமும் ஒலியும் அதே கேபிளில், எண்களாக.

எவ்வளவு எண்கள் என்று பார்ப்போம். முழு எச்டி படத்தில் 1920 பெருக்கல் 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். ஓரங்களில் விடப்படும் இடைவெளியையும் சேர்த்தால் 2200 பெருக்கல் 1125. வினாடிக்கு 60 படங்கள் என்றால் 14.85 கோடி புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறமும் மூன்று இணைக் கம்பிகளில் பிரிந்து போகிறது. ஒவ்வொரு இணையும் வினாடிக்கு 148.5 கோடி பிட்டுகளைக் கடத்துகிறது. ஒரு பிட் கம்பியில் இருக்கும் நேரம் ஒரு நானோ வினாடியில் மூன்றில் இரண்டு பங்கு. அந்த நேரத்தில் மின் சைகை செப்பில் ஏறக்குறைய 13 சென்டிமீட்டர்தான் நகரும். ஆகவே இரண்டு மீட்டர் கேபிளுக்குள் ஒரே சமயத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பதினைந்து பிட்டுகள் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த வேகத்தில் கம்பியின் வடிவமே சைகையைக் கெடுக்கவோ காக்கவோ செய்யும். அதனால்தான் ஒவ்வொரு சைகைக்கும் இரண்டு கம்பிகள் முறுக்கப்படுகின்றன. ஒன்றில் மேலேறும்போது மற்றொன்றில் கீழிறங்கும். பெறும் முனை இரண்டின் வேறுபாட்டை மட்டும் பார்க்கும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறுவதால் கழித்தலில் காணாமல் போய்விடும். மின்பலகை வடிவமைப்பவரும் இதே கவனத்தோடுதான் வேலை செய்கிறார். துளையிலிருந்து சில்லு வரை போகும் இரண்டு செப்புக்கோடுகளும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். இணையின் மின்மறிப்பு வழி நெடுக 100 ஓம் அருகிலேயே இருக்க வேண்டும். கோடு கூர்மையாகத் திரும்பக் கூடாது. மின்பொறியைத் தாங்கும் காப்புத் துணுக்குத் துளைக்கு மிக அருகில் இருக்க வேண்டும். இந்தத் துறை நமக்குத் தொலைவில் இல்லை. கூலிம் ஹைடெக் பார்க் 1996-ல் திறக்கப்பட்டது. இன்டெல், இன்ஃபினியோன் போன்ற நிறுவனங்கள் அங்கே இருக்கின்றன. பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தத் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறார்கள். பயனீட்டாளராக மட்டும் நில்லாமல் இதை வடிவமைக்கும் படிப்பையும் நம் படிவம் 5 மாணவர்கள் யோசிக்க வேண்டும் என்பது என் விருப்பம். மேலே சொன்ன நான்கு விதிகளும் அந்தப் படிப்பின் வாசலில் இருப்பவை.

இனி, படம் வருவதற்கு முன் நடக்கும் பேச்சு. பழுதுபார்ப்பின் சாவி இதில்தான் இருக்கிறது.

கேபிளைச் செருகியதும் கணினி 18-ஆம் ஊசியில் 5 வோல்ட் கொடுக்கிறது. திரை அதை உணர்ந்து 19-ஆம் ஊசி வழியே "நான் இருக்கிறேன்" என்று தெரிவிக்கிறது. உடனே கணினி 15, 16-ஆம் ஊசிகளில் திரையின் குறிப்பேட்டை வாசிக்கிறது. ஈடிஐடி எனப்படும் அந்தக் குறிப்பேடு 128 பைட்டுகள் கொண்ட சிறு சிறு பகுதிகளாக இருக்கும். திரை யார் செய்தது, எத்தனை புள்ளிகள் தாங்கும், வினாடிக்கு எத்தனை படங்கள் காட்டும், ஒலி வாங்குமா என்பதெல்லாம் அதில் உண்டு. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சைவமா அசைவமா என்று கேட்டுவிட்டு இலை போடுவதைப் போல, குறிப்பேட்டைப் பார்த்த பிறகுதான் கணினி எந்த அளவில் படம் அனுப்புவது என்று தீர்மானிக்கிறது. படம் உரிமைக் காப்புள்ளதாக இருந்தால் எச்டிசிபி என்ற இன்னொரு பேச்சும் நடக்கும். "இந்தப் படத்தைப் பெற நீ தகுதி உள்ளவனா?" என்று பெட்டி கேட்கும். திரை சரியான பதில் சொல்லாவிட்டால் படம் கறுப்பாகிவிடும்.

படங்களைச் சுமக்கும் மூன்று இணைகளும் நன்றாக இருந்தாலும், இந்தப் பேச்சு முறிந்தால் திரையில் ஒன்றும் வராது. தட்டிப் பார்த்தும் ஆட்டிப் பார்த்தும் பயனில்லாமல் போவது இதனால்தான்.

"சிக்னல் இல்லை" என்றால்

முதலில் திரையின் உள்ளீட்டைப் பாருங்கள். எச்டிஎம்ஐ 1-ல் கேபிள் இருக்க, திரை எச்டிஎம்ஐ 2-ஐப் பார்த்துக்கொண்டிருப்பது மிகச் சாதாரணம். அது சரி என்றால் கேபிளின் இரு முனைகளையும் கழற்றி, திரையை முதலில் போட்டு, முழுதாக விழித்த பிறகு கணினிப் பக்கம் செருகுங்கள். பேச்சு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அப்படியும் வராவிட்டால் விண்டோஸ் பொத்தானோடு பி எழுத்தை அழுத்தி, "இரண்டிலும் ஒரே படம்" என்ற தெரிவுக்கு மாற்றுங்கள். திரை அறிவிப்பு மறைந்து வெறும் பின்னணி ஓவியம் மட்டும் தெரிந்தால் இணைப்பு நன்றாகவே இருக்கிறது. கணினி அதை இரண்டாவது மேசையாக எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

அடுத்து கேபிளை மாற்றிப் பாருங்கள். கையில் எப்போதும் ஒரு மீட்டர் நீளமுள்ள, நல்லது என்று உறுதியாகத் தெரிந்த கேபிள் ஒன்று இருக்கட்டும். கணினியைத் திரைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் அந்தக் குட்டைக் கேபிளால் இணைத்து, படம் வந்தால் குற்றவாளி நீளக் கேபிள். வராவிட்டால் துளை அல்லது அமைப்பு. நடுவில் மாற்றி, பிரிப்பான், நீட்டிப்பான் எது இருந்தாலும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நேரடியாகப் பொருத்துங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து வாருங்கள். எதைச் சேர்த்ததும் படம் போகிறதோ அதுவே கோளாறு. பதற்றத்தில் மூன்று பொருளை ஒரே சமயத்தில் மாற்றினால் எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாமல் போகும்.

கணினியில் படம் வருகிறது, ஆஸ்ட்ரோ பெட்டியில் மட்டும் கறுப்பு என்றால் கம்பியைச் சந்தேகிக்க வேண்டாம். நடுவில் இருக்கும் பிரிப்பானோ பழைய புரொஜெக்டரோ எச்டிசிபி பேச்சில் பதில் சொல்லவில்லை. படம் வந்து ஓரங்கள் வெட்டுப்பட்டால் தொலைக்காட்சியின் மெனுவில் படத்தின் அளவைத் திரைக்குச் சரியாகப் பொருத்தும் தெரிவைத் தேடுங்கள். பழைய பள்ளிப் புரொஜெக்டர் 1024 பெருக்கல் 768 புள்ளிகளுக்குச் செய்யப்பட்டிருக்கும். கணினியையும் அதே அளவுக்கு மாற்றினால் தமிழ் எழுத்தின் புள்ளியும் சுழியும் கடைசி வரிசைப் பிள்ளைக்கும் தெரியும். நான் இதை வற்புறுத்துகிறேன். ஆங்கில எழுத்து சற்று மங்கினாலும் படித்துவிடலாம். தமிழில் ஒற்றெழுத்தின் புள்ளி மறைந்தால் பாடமே மாறிவிடும்.

மாற்றிகளை வாங்கும்போது திசையைப் பாருங்கள். எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றுவது ஒரு பொருள், விஜிஏவிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவது வேறு பொருள். உருவத்தில் ஒன்றுபோல் இருக்கும், திருப்பிப் போட்டால் வேலை செய்யாது. எண்ணை மின்னழுத்தமாகவும் மின்னழுத்தத்தை எண்ணாகவும் மாற்ற வெவ்வேறு சில்லுகள் வேண்டும். சில்லு இல்லாமல் வெறும் கம்பி மட்டும் உள்ள மாற்றியைப் பசார் மாலாமில் மலிவாக விற்றால் வாங்காதீர்கள். அலுவலகங்கள் நன்கொடையாகத் தரும் பழைய கணினிகளில் டிஸ்பிளேபோர்ட் மட்டும் இருப்பதுண்டு. அதன் ஒரு மூலை வெட்டியது போலிருக்கும். அதிலிருந்து எச்டிஎம்ஐக்கு மலிவான மாற்றி கிடைக்கும். ஆனால் எதிர்த்திசையில் அது போகாது.

மண்டபத்தின் நீளம்

கோயில் மண்டபத்தில் மேசை பின்பக்கம், திரை முன்பக்கம். நடுவே இருபது மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். செப்பு எச்டிஎம்ஐ கேபிள் ஐந்து மீட்டர் வரை நம்பிக்கையாக ஓடும். நல்ல தரமாக இருந்தால் பத்து மீட்டர் வரையும் முழு எச்டி படம் போகலாம். அதற்குமேல் முதலில் திரையில் மின்மினிபோல் வெள்ளைப் புள்ளிகள் தெறிக்கும், பிறகு படம் விட்டுவிட்டு வரும், பிறகு நின்றுபோகும். மஞ்சள் முனைக் காலத்தைப்போல் மெல்ல மங்குவதில்லை. தெறிப்பைக் கண்டதும் விளிம்பில் நிற்கிறோம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நீண்ட தூரத்துக்கு இரண்டு வழிகள். ஒன்று, ஒளியிழை உள்ளே ஓடும் எச்டிஎம்ஐ கேபிள். இதற்கும் திசை உண்டு. முனையில் கணினி என்றும் திரை என்றும் குறித்திருப்பதைப் பார்த்துப் பொருத்த வேண்டும், கூர்மையாக மடிக்கவும் கூடாது. மற்றொன்று, கேட் 6 கம்பியில் அனுப்பும் நீட்டிப்பான் இணை. நிரந்தர மண்டபத்துக்கு இரண்டாவதையே சொல்வேன். கேட் 6 கம்பி அறுந்தால் உள்ளூர்க் கடையில் மலிவாகக் கிடைக்கும், முனை போட்டுத் தர ஆளும் கிடைப்பார். தங்கமுலாம், தடித்த உறை என்று விளம்பரம் செய்யும் கேபிளுக்கு இரட்டிப்பு விலை கொடுக்க வேண்டாம். பொதியின்மேல் "ஹை ஸ்பீட்" அல்லது "பிரீமியம் ஹை ஸ்பீட்" என்ற குறி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 4கே படம் வேண்டாத இடத்தில் 4கே செலவும் வேண்டாம். மிச்சப்படும் காசை ஒலிபெருக்கிக்குக் கொடுங்கள். மண்டபத்தில் கூட்டம் படத்தைவிட ஒலியைத்தான் முதலில் இழக்கிறது.

கணினியை ஒரு சுவரிலும், புரொஜெக்டரையும் ஒலிக்கலவைப் பெட்டியையும் இன்னொரு சுவரிலும் செருகினால் ஒலியில் "ம்ம்ம்" என்ற இரைச்சலும் விஜிஏ படத்தில் மெல்ல உருளும் பட்டையும் வரலாம். இரண்டு இடத்து எர்த்தும் ஒரே மட்டத்தில் இல்லை என்பது அதன் பொருள். எல்லாவற்றையும் ஒரே மின்முனையிலிருந்து எடுங்கள். இரைச்சல் போகட்டும் என்று மூன்று ஊசிப் பிளக்கின் எர்த் கம்பியை வெட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வெட்டாதீர்கள். விழாநாளில் மைக்கைப் பிடித்திருப்பவர் ஒரு குழந்தையாகவும் இருக்கலாம்.

கைப்பேசியிலிருந்து பெரிய திரைக்கு

இப்போது பாதிப் படங்கள் கைப்பேசியில்தான் இருக்கின்றன. கைப்பேசியின் அடியில் இருக்கும் யுஎஸ்பி-சி துளை எல்லாக் கருவியிலும் ஒரே உருவம். உள்ளே இருப்பது ஒன்றல்ல. படத்தை அந்தத் துளை வழியே அனுப்பும் முறை 2014-ல் வகுக்கப்பட்டது. விலை கூடிய கைப்பேசிகள் பலவற்றில் அது உண்டு. மலிவுக் கைப்பேசிகள் பெரும்பாலானவற்றில் இல்லை, அவற்றின் துளை மின்னேற்றத்துக்கும் கோப்புக்கும் மட்டும். ஐபோனில் 2023-ல் வந்த 15-ஆம் வரிசை முதல் இந்தத் துளை இருக்கிறது, படமும் வரும். ஆகவே மாற்றியை வாங்குமுன் கடையிலேயே உங்கள் கைப்பேசியில் செருகிப் பாருங்கள். பெட்டியோடு வந்த சார்ஜர் கேபிளால் முயன்று பார்த்துவிட்டு மாற்றியைக் குறை சொல்லவும் வேண்டாம், அந்தக் கேபிளில் படத்துக்கான கம்பிகளே இல்லாமல் இருக்கலாம்.

கம்பியில்லாமல் அனுப்புவதானால் குறோம்காஸ்ட் போன்றவற்றுக்கு வைஃபை வேண்டும். மிராகாஸ்ட் முறையில் கைப்பேசியும் தொலைக்காட்சியும் நேராகப் பேசிக்கொள்ளும், இணையம் தேவையில்லை. இணையம் எட்டாத தோட்டத்து வீட்டில் கல்யாணப் படம் பார்க்க அது போதும். மண்டபத்தில் கூட்டம் நிறைந்தபின் கம்பியில்லா இணைப்பை நம்பாதீர்கள். ஒத்திகையில் ஓடியது விழாவில் தடுமாறும்.

இடி மின்னல்

கெடாவில் பிற்பகல் இடியை அறியாதவர் யார். எச்டிஎம்ஐ துளையில் ஓடும் சைகை அரை வோல்ட் அளவுதான், அதன் சில்லு அவ்வளவு மென்மையானது. மின்னல் வீட்டின்மேல் விழ வேண்டியதில்லை. தூரத்தில் விழுந்தாலும் ஆண்டெனா கம்பியும் ஆஸ்ட்ரோ தட்டின் கம்பியும் ஒரு தாக்கத்தை உள்ளே கொண்டுவரும். பெட்டிக்குள் வந்தது எச்டிஎம்ஐ வழியே தொலைக்காட்சிக்கும் போகும். இடிக்குப் பிறகு தொலைக்காட்சி எரிகிறது, எச்டிஎம்ஐ 1-ல் மட்டும் படம் இல்லை என்றால் அதுதான் நடந்தது. எச்டிஎம்ஐ 2-ஐ முயலுங்கள், பல நேரம் அது உயிரோடிருக்கும்.

வானம் கறுத்ததும் சுவர்ப் பிளக்கைப் பிடுங்குபவர்கள் ஆண்டெனா கம்பியை மறந்துவிடுகிறார்கள். இரண்டையும் பிடுங்குங்கள். வேலைக்குப் போகும் வீட்டில் காலையிலேயே பிடுங்கிவிட்டுப் போவது நல்லது. மின்னல் தடுப்புள்ள பலமுனைப் பலகை வாங்கினால் அது எர்த் இருந்தால்தான் வேலை செய்யும். பழைய லயத்து வீடுகளில் எர்த் சரியாக இருக்கிறதா என்று உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

முகம் பார்த்துப் பேச

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது காணொளி அழைப்பு ஒரே வாரத்தில் வகுப்பறையாகவும் உறவாகவும் மாறியது. கோடு பிடிக்க மேட்டுக்கு ஏறிய பிள்ளைகளும் ஒரே கைப்பேசியை மூன்று பேர் பங்கிட்ட வீடுகளும் நமக்குத் தெரியும். அந்தக் காலத்தில் கற்றதை இன்னும் ஒழுங்காகப் பயன்படுத்தலாம்.

சாதாரண எச்டி படம், 1280 பெருக்கல் 720, வினாடிக்கு 30 என்று வைத்தால், சுருக்காமல் அனுப்ப வினாடிக்கு 66 கோடி பிட்டுகள் வேண்டும். காணொளி அழைப்பு அதை ஒன்றிரண்டு மெகாபிட்டில் முடிக்கிறது. எப்படி? முன் படத்திலிருந்து மாறியதை மட்டும் அனுப்புகிறது. 2003-ல் வந்த எச்.264 முறை முதல் இன்றுள்ள முறைகள் வரை எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். இதிலிருந்து வரும் நடைமுறை அறிவுரைகள் கைக்காசு செலவில்லாதவை.

கைப்பேசியைக் கையில் பிடிக்காமல் டின் மேலோ புத்தகத்தின்மேலோ சாய்த்து வையுங்கள். கை ஆடினால் படம் முழுவதும் மாறியதாகக் கணக்காகி, அனுப்ப வேண்டியது பெருகிப் படம் கட்டம் கட்டமாக உடையும். முகத்தில் வெளிச்சம் விழட்டும், சன்னலை முதுகுக்குப் பின்னால் வைக்காதீர்கள். இருட்டில் கேமராவில் எழும் பொடிப்புள்ளிகளையும் கருவி மாற்றமாகவே எண்ணி அனுப்பிக்கொண்டிருக்கும். பின்னால் மின்விசிறியும் ஓடும் தொலைக்காட்சியும் இல்லாமல் பாருங்கள். தகரக் கூரையும் தகரச் சுவரும் அலையைத் தடுக்கும். நடுவீட்டில் ஒரு கோடும் சன்னலோரம் மூன்று கோடும் காட்டுவது அதனால்தான். நாட்டில் 3ஜி அலை 2021 இறுதியில் நிறுத்தப்பட்டது. பாட்டியிடம் இன்னும் பழைய 3ஜி கைப்பேசி இருந்தால் வீட்டு வைஃபை இல்லாத இடத்தில் காணொளி வராது. அவர் ஏதும் தவறாக அழுத்தவில்லை என்று சொல்லிவிட்டு 4ஜி கைப்பேசிக்கு மாற்றிக் கொடுங்கள்.

ஒலியும் படமும் இரண்டும் தள்ளாடினால் படத்தை நிறுத்துங்கள். குரல் மிகக் குறைந்த அலையிலும் போய்ச் சேரும். ஒரே அறையில் இரண்டு கைப்பேசிகள் அதே அழைப்பில் இருந்தால் எதிரொலி கூவும், ஒன்றின் ஒலிவாங்கியை அடைத்துவிடுங்கள். குரல் போய்ச்சேரச் சற்று நேரமாவதால் இருவரும் ஒருசேரப் பேசத் தொடங்குவது இயல்பு. பெரியவர் பேசி முடித்ததும் ஒரு மூச்சு பொறுத்துப் பேசும்படி பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

இழவு வீட்டில் நேரலை

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். வர முடியாத உறவுகளுக்காக இறுதிச் சடங்கைக் கைப்பேசியில் காட்டுவது இப்போது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. பொறுப்பு பெரும்பாலும் ஓர் இளைஞர் கையில் வந்து விழுகிறது, பயிற்சியும் இல்லாமல் நேரமும் இல்லாமல்.

முதலில் குடும்பத்தின் மூத்தவரிடம் அனுமதி கேளுங்கள், எதைக் காட்டலாம் எதைக் காட்டக் கூடாது என்றும் கேளுங்கள். பொது முகநூல் பக்கத்தில் போடாமல் குடும்பக் குழுவின் அழைப்பில் வையுங்கள். கைப்பேசியை முக்காலியில், உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தில், வந்தவர்கள் நடந்துபோகும் வழியை மறைக்காத மூலையில் நிறுத்துங்கள். கூடாரத்தின் நிழலிலிருந்து வெளியே வெயிலை நோக்கி வைத்தால் எல்லோரும் கருநிழலாகத் தெரிவார்கள், வெயில் கைப்பேசிக்குப் பின்னால் இருக்கட்டும். வரும் அழைப்புகளையும் அறிவிப்பு ஒலிகளையும் முன்கூட்டியே அடைத்துவிடுங்கள். மின்னேற்றிக் கம்பியைத் தொடக்கத்திலேயே செருகிவிடுங்கள். தேவாரம் ஓதுபவருக்கு அருகில் இன்னொரு கைப்பேசியை வைத்து ஒலியை மட்டும் அதிலிருந்து எடுத்தால் ஓதல் தெளிவாகப் போகும். அப்போது முதல் கைப்பேசியின் ஒலிவாங்கியை அடைத்துவிட வேண்டும்.

வாய்க்கரிசி போடும் நேரத்தில் அருகே கொண்டுபோகச் சொல்லித் தூரத்தில் இருக்கும் மகனோ மகளோ கேட்பார்கள். மெதுவாக நடந்து போங்கள். அங்கே போய் நின்றபின் கைப்பேசியை அசைக்காமல் பிடியுங்கள். சுருக்கும் முறை அசைவில்லாத படத்தைச் சில வினாடிகளில் தெளிவாக்கிவிடும், அவர்களுக்கு அந்தச் சில வினாடிகள் வேண்டும். பெயர் சொல்லி அவர்கள் பேச விரும்பினால் ஒலிபெருக்கியைக் கூட்டத்துக்குத் திறக்காமல் பெற்றவரின் காதருகே கைப்பேசியை வையுங்கள். முடிந்ததும் அழைப்பை நீங்களாகத் துண்டிக்காமல், அந்தப் பக்கம் இருப்பவர்கள் ஒவ்வொருவராக விடைபெறும் வரை இணைப்பைத் திறந்தே வைத்திருங்கள்.